பழைய தண்ணீர்

மலாயில் அதன் பெயர் ஆயிர் லாரியான்.
ஓடுகிற நீர், அவ்வளவுதான்.
தமிழில் எழுதித் தரச் சொல்லி
வெள்ளிக்கிழமை என் மேசையில் வைத்தார்கள்,
பதினெட்டுப் பக்க வரைவு.
புக்கிட் லாலாங் மாவட்ட மன்றத்தில்
தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரே வடிகால் உதவியாளர்
நான் என்பதால்.

வழிந்தோடும் நீர் என்று முதலில் எழுதினேன்.
வழிவதற்கு முதலில் நிறைய வேண்டும்.
மேட்டிலுள்ள தாமானில் எதுவும் நிறைவதில்லை,
விழுந்த நொடியே கிளம்பிவிடுகிறது.
ஓடிப்போகும் நீர் என்று மாற்றினேன்.
கடன்காரனைச் சொல்வது போல் இருந்தது.
அதையே விட்டுவைத்தேன்.

ஏழாம் விதி, இரண்டாம் உட்பிரிவு:
மேம்பாட்டுக்கு முன் ஒரு நிலத்தை விட்டு
எவ்வளவு நீர் வெளியேறியதோ
அதற்கு மேல் ஒரு சொட்டும்
மேம்பாட்டுக்குப் பின் வெளியேறலாகாது.
சொட்டு என்பது என் சேர்க்கை.
மூலத்தில் உச்சப் பாய்வு வீதம் என்று இருக்கிறது.
மூலத்தில் யார் வீட்டுக்குள்ளும் அது நுழைவதில்லை.

முன் என்றால் எப்போது?
துவான் ஹஸ்புல்லாவிடம் கேட்டேன்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
விண்ணப்பத் தேதிக்கு முன் என்றார்.
விண்ணப்பத் தேதிக்கு முன் அங்கே செம்பனை.
செம்பனைக்கு முன் பால்மரம், நிரை நிரையாக.
பால்மரத்துக்கு முன்
பழைய வரைபடத்தில் வெறும் பச்சை,
ஓர் எண்ணும் இல்லை.
ஒவ்வொரு முன்னுக்கும் முன் ஒரு முன்.
சட்டம் கடைசி முன்னை மட்டும் எடுத்துக்கொள்கிறது.
அதுவும் ஒரு கருணைதான்,
இல்லாவிட்டால் காட்டுக்கல்லவா
கணக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

விளக்கக் கூட்டம் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில்.
நாற்பது நாற்காலி, பதினொரு பேர்.
மேம்பாட்டாளரின் ஆள் மடிக்கணினியில்
இரண்டாம் கட்டத்துக்கு ஒரு நீலக் குளம் காட்டினார்.
தடுப்புக் குளம். சுற்றி நடைபாதை, இரண்டு கொக்கு.

பள்ளத்து லயத்து மரியசூசை எழுந்தார்.
கையில் படமோ மனுவோ இல்லை.
தன் கால்சட்டையைக் காட்டினார்,
முட்டிக்கு மேலே நீலம், கீழே பழுப்பு.
"இந்த வருசம் மூணு தடவ.
ஐஸ்பெட்டி ரெண்டு போச்சு.
அவங்க மேல வீடு கட்டினா எனக்குக் கீழ ஆறு வருது.
இதுல அது எந்தப் பக்கம், சொல்லும்மா."

புரட்டினேன்.
அபராதம் இருந்தது, மேல்முறையீடு இருந்தது,
குழாயின் விட்டம், குளத்து வேலியின் உயரம்.
பதினாறாம் விதியில் இப்படி ஒரு வரி:
இச்சட்டம் நடப்புக்கு வருமுன் ஒப்புதல் பெற்றவற்றுக்கு
இது பொருந்தாது.
நான்தான் எழுதியிருந்தேன்,
தெளிவாக, ஒற்றுப்பிழைகூட இல்லாமல்.
படித்துக் காட்டினேன்.

"அப்ப என் வீட்டுக்கு வர்றது பழைய தண்ணி."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
துவானுக்கு மலாயில் சொன்னேன்.
குறித்துக்கொண்டார்: ஆயிர் லாமா,
கீழே இரண்டு கோடு.

நாலரைக்கு வழக்கம்போல் மேற்கே கறுத்தது.
நாற்காலிகளைப் போட்டது போட்டபடி விட்டு எல்லாரும் ஓடினார்கள்,
குடை, மோட்டார் சைக்கிள், தலையில் நெகிழிப் பை.
மரியசூசை மட்டும் நடந்தார்.
ஓடி என்ன,
அவருக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

பள்ளி வாசல் லோங்காங்கில்
உதிர்ந்த செம்பனைப் பழம் நாலைந்து, சிமெண்டு நுரை,
இடது கால் செருப்பு ஒன்று.
வேலைப் பழக்கம், மணி பார்த்தேன்.
ஒரு நிமிடத்துக்கு இரண்டு விரல் உயர்ந்தது.

ஆட்சேபம் தெரிவிக்க இன்னும் இருபத்தாறு நாள்.
அதைச் சொல்ல மறந்திருந்தேன்.
மழை விட்டதும் படிவத்தை நெகிழி உறையில் போட்டு
பள்ளத்துக்கு இறங்கினேன்.
வீட்டுக்குள் பக்கெட் சத்தம். கூப்பிடவில்லை.
அவர் கேட்டில்,
முட்டிக்கு மேலே,
நன்றாக மேலே பார்த்துக் கட்டிவிட்டு வந்தேன்.